இருட்டில் சிவப்பு எடுபடாது

வழக்கமாக இங்கே கிரிக்கெட், ஹாஸ்டல் மெஸ் சாம்பார், பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் புலம்பல் என்று எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை கொஞ்சம் விநோதமான சப்ஜெக்ட். வானிலைப் படங்களில் பூசுகிற வண்ணங்கள், அதுவும் போன் டார்க் மோடில் இருக்கும்போது. "இதுக்கெல்லாமாடா ஒரு கட்டுரை?" என்று ரூம்மேட் தலையில் அடித்துக்கொண்டான். எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பாவுக்குத் தூத்துக்குடி பக்கத்தில் கொஞ்சம் உப்பளம் உண்டு. (உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடிதான். ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்.) பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். வெயில் காலத்தில்தான் வேலையே. அந்தச் சமயத்தில் எதிர்பாராமல் ஒரு மழை விழுந்தால் பாத்தியும் போச்சு, மூடாத அம்பாரமும் போச்சு. அதனால் ராத்திரி படுக்கப் போகுமுன் வானத்தை ஒருதரம் பார்ப்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். இப்போது வானத்தோடு சேர்த்துப் போனையும் பார்க்கிறார்கள்.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், போன வருஷம் மே மாதத்தில் ஒரு ராத்திரி அப்படித்தான் பார்த்திருக்கிறான். தூரத்தில் மின்னல் வெட்டுகிறது. ஏதோ ஒரு வானிலை ஆப்பைத் திறந்தால் ரேடார் படம் வருகிறது. பார்த்துவிட்டு "ஒண்ணும் பெருசா இல்ல" என்று படுத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் பிடித்தது மழை. எழுந்து ஓடி, ஆளைக் கூப்பிட்டு, தார்ப்பாய் இழுத்து இரண்டு அம்பாரத்தை மூடினார்கள். மூன்றாவதை மூடுவதற்குள் பாதி கரைந்து ஓடிவிட்டது. எத்தனை டன் என்று எழுதினால் பெரியப்பா சங்கடப்படுவார். விட்டுவிடுகிறேன்.

லீவுக்குப் போனபோது நான் கேட்டேன், "மேப்புல ஒண்ணுமே தெரியலையாண்ணே?" அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏலே, தெரிஞ்சிச்சுல. பச்சையா கொஞ்சம், அதுக்குள்ள மஞ்சளா ஒரு வளையம். ஆனா நடுவுல ஓட்டையா இருந்துச்சு. சரி, மேகம் பிரிஞ்சு போவுதுன்னு நெனச்சிட்டேன்."

நடுவில் ஓட்டை! எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. மஞ்சள் வளையத்துக்குள்ளே இருந்தது ஓட்டை இல்லை, சிவப்பு. புயலின் நெஞ்சு. மழை அதிகமாகக் கொட்டுகிற இடம்தான் அவன் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரிந்திருக்கிறது.

அண்ணனுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அது அவனுக்கே தெரிய வந்தது ரயில்வே மெடிக்கலில். அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டிப் போனவனிடம், வண்ணப் பொட்டுகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை நீட்டியிருக்கிறார்கள். (ஷினோபு இஷிஹாரா என்கிற ஜப்பானிய டாக்டர் 1917-ல் வெளியிட்ட பரிசோதனை அது. நூறு வருஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.) மற்றவர்கள் படபடவென்று சொன்ன எண் இவனுக்கு வெறும் பொட்டுக் கூட்டம். அதோடு ரயில் போனது. அப்புறம்தான் உப்பளம்.

நம் கண்ணின் விழித்திரையில் வண்ணம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. நீண்ட அலைநீளத்துக்கான வகை இல்லாவிட்டால் சிவப்பும் பச்சையும் குழம்புவதோடு இன்னொன்றும் நடக்கும்: சிவப்பு இருண்டுபோகும். நமக்குப் பளீரென்று எரிகிற சிவப்பு அவர்களுக்குக் கரும்பழுப்பு, சில சமயம் கருப்பே. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகைச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு என்பது பாடப்புத்தகக் கணக்கு. எல்லாருக்கும் அண்ணன் மாதிரி சிவப்பு இருளாது, பச்சைப் பக்கம் குறை உள்ளவர்கள்தான் அதிகம். ஆனாலும் நம் கிளாஸில் 60 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியானால் பகலில் மட்டும் அவன் எப்படி அதே ஆப்பை வைத்து வேலையை ஓட்டுகிறான்? கேட்டேன். "பகல்ல கருப்பா திரண்டு நிக்கும்லா. கருப்பா இருந்தா நல்ல மழைன்னு அர்த்தம்." பகலில் மேப்பின் பின்னணி வெள்ளை. வெள்ளையில் அவனுடைய இருண்ட சிவப்பு மசிப்பொட்டு மாதிரி தெரிந்திருக்கிறது. அதை வைத்துத் தனக்கென்று ஒரு விதியே செய்து வைத்திருக்கிறான். சாயங்காலம் ஆனதும் போன் தானாக டார்க் மோடுக்கு மாறியது, மேப் கருப்பானது, கருப்புக்குள் கருப்பு கரைந்தது. உப்பு கரைவதற்கு முன்பே படம் கரைந்துவிட்டது என்று சொல்லலாம்.

"அது உங்க அண்ணன் கண்ணோட பிரச்சினை" என்று யாராவது சொல்வீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் அவன் கண்ணோடு நிற்கவில்லை என்று தெரிந்தது.

இணையப் பக்கங்களை எல்லாரும் வாசிக்க வசதியாகச் செய்வதற்கு டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி ஒன்று உண்டு. அதில் இரண்டு வண்ணங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. இரண்டின் ஒளிர்வையும் எடுத்து, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். கருப்புக்கும் வெள்ளைக்கும் 21 வரும், அதுதான் உச்சம். சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். படங்களில் அர்த்தமுள்ள பகுதிகளுக்கு 3-ஆவது வேண்டும் என்று 2018-ல் வந்த 2.1 பதிப்பு சொல்கிறது.

எச்சரிக்கைக்குப் பயன்படும் வழக்கமான வண்ணங்களை இதில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் சுத்த மஞ்சளுக்கு 1.07, ஆரஞ்சுக்கு ஏறக்குறைய 2, சிவப்புக்கு 4, அடர் ஊதாவுக்கு 9.4. பார்த்தீர்களா? ஆபத்து கூடக் கூட எடுப்பும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. காகிதத்தில் அச்சடித்த காலத்திலிருந்து வருகிற பழக்கம், தெரிந்தோ தெரியாமலோ சரியாகவே அமைந்திருக்கிறது.

இப்போது அதே நான்கையும் கருப்பில் வையுங்கள். மஞ்சள் 19.6. ஆரஞ்சு 10.6. சிவப்பு 5.3. அடர் ஊதா 2.2. அப்படியே தலைகீழ்! எந்த வண்ணத்தை எடுத்தாலும் வெள்ளையோடு வரும் எண்ணையும் கருப்போடு வரும் எண்ணையும் பெருக்கினால் 21 தான் (சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் ஒரு வரியில் விளங்கிவிடும்). ஏற்றம் இறைக்கிற மாதிரி, ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்கியே தீரும். அதாவது பின்னணியை மட்டும் கருப்பாக்கிவிட்டு வண்ணங்களை அப்படியே விட்டால், "கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்கிற மஞ்சள் கத்துகிறது, "உடனே நகருங்கள்" என்கிற சிவப்பு முணுமுணுக்கிறது, அதற்கும் மேலான ஊதா வாயே திறப்பதில்லை. இது அண்ணனுக்கு மட்டும் இல்லை, நல்ல கண் உள்ள நமக்கும்தான். நமக்குச் சிவப்பு என்று அடையாளம் தெரிவதால் சமாளித்துக்கொள்கிறோம், அவ்வளவே. அரைத்தூக்கத்தில், பிரைட்னஸை அடிமட்டத்தில் வைத்து, கீறல் விழுந்த ஸ்கிரீனில் பார்க்கும்போது அதுவும் சந்தேகம்.

(இந்த எண்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. திகட்டுகிற வண்ணங்கள் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் பிரகாசமாகவே கண்ணுக்குப் படும். ஆனால் 19-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தை அது மூடிவிடாது.)

ரேடார் படத்தில் கதை இன்னும் மோசம். ரேடார் அளப்பது மழையை அல்ல, மழைத்துளிகள் திருப்பி அனுப்பும் எதிரொலியை. அதை டிபிஇசட் என்கிற அலகில் சொல்வார்கள். அது மடக்கை அளவு. மார்ஷல், பால்மர் இருவரும் 1948-ல் கொடுத்த சூத்திரப்படி 30 டிபிஇசட் என்றால் மணிக்கு 3 மி.மீ.க்கும் குறைவு, 40 என்றால் சுமார் 12 மி.மீ., 50 என்றால் சுமார் 49 மி.மீ. பத்து ஏறினால் மழை நான்கு மடங்கு. ஆகவே இங்கே ஒரு வண்ணத்தைத் தவறாகப் படிப்பது சின்னத் தப்பு கிடையாது. தூறலுக்கும் அடைமழைக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த அளவுக்கு அமெரிக்க வானிலைத் துறை நெடுநாள் பயன்படுத்திய வண்ண வரிசைதான் உலகம் முழுக்கப் பல ஆப்களில் ஏதோ ஒரு சாயலில் ஓடுகிறது. 20-ல் பளிச் பச்சை, 30-ல் கரும்பச்சை, 35-ல் திடீரென்று பளீர் மஞ்சள், 50-ல் சிவப்பு, 60-ல் கருஞ்சிவப்பு, 65-ல் மறுபடி பளிச்சென்று மெஜந்தா. இதைக் கருப்பில் வைத்து அதே கணக்கைப் போட்டால் 15, 5, 18-க்கு மேல், 5, 3 என்று போகிறது. மழை ஒரே சீராக ஏற, வெளிச்சம் மட்டும் ஊஞ்சல் ஆடுகிறது. அண்ணன் பார்த்த "மஞ்சள் வளையம், நடுவில் ஓட்டை" இந்த ஊஞ்சலின் ஒரு ஆட்டம்தான்.

வானவில் வண்ணங்களைத் திட்டுவது புதிதல்ல. டேவிட் போர்லேண்ட், ரஸ்ஸல் டெய்லர் இருவரும் 2007-லேயே வானவில் அளவுகோல் தீங்கானது என்று தலைப்பிலேயே போட்டுக் கட்டுரை எழுதினார்கள். ஃபேபியோ கிராமேரி, கிரேஸ் ஷெப்பர்ட், ஃபிலிப் ஹெரான் மூவரும் 2020-ல் விரிவாக எழுதினார்கள். 2017-ல் மேட்பிளாட்லிப் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய 'ஜெட்' போய் 'விரிடிஸ்' அதன் இயல்பு வண்ணமானது. நம் லேப் அசைன்மென்ட்டில் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் அந்தப் படங்கள் எல்லாம் அதுதான். அதன் சிறப்பு, எண் ஏற ஏற வெளிச்சமும் ஒழுங்காக ஏறும். கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் வரிசை கெடாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். விமானத்தில் பைலட்டுகள் பார்க்கும் வானிலை ரேடார் கருப்புத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு, மெஜந்தாதானே? அவர்கள் நன்றாகத்தானே ஓட்டுகிறார்கள்? ஆமாம். ஆனால் அவர்கள் வண்ணப் பார்வைப் பரிசோதனை தாண்டி வந்தவர்கள், அந்த நான்கே வண்ணங்களுக்குப் பயிற்சி எடுத்தவர்கள். ரயில்வே மாதிரி அங்கேயும் அண்ணன் வாசலிலேயே நின்றிருப்பான். மழை ஆப்புக்கு மெடிக்கல் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் அது யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

2019-ல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் போன் முழுக்க டார்க் மோட் வந்தது. அதற்குப் பிறகு ஆப் செய்கிறவர்கள் பலர் செய்த வேலை, அடியில் உள்ள மேப்பை மட்டும் கருப்பாக்குவது. மேலே வண்ணம் அதே பழையது. இன்னும் சிலர் வண்ணத்தை அரைகுறை ஒளிபுகும்படி மேப் மேல் பூசுகிறார்கள், ஊர்ப் பெயர் தெரிய வேண்டுமாம். வெள்ளை மேல் பூசினால் அது வெளிறும், கருப்பு மேல் பூசினால் இருளும். ஓரத்தில் இருக்கும் விளக்கப் பெட்டியில் மட்டும் அசல் வண்ணம். பெட்டியில் உள்ள வண்ணம் மேப்பில் எங்குமே இல்லை, மேப்பில் உள்ள வண்ணம் பெட்டியில் இல்லை! எல்லாவற்றையும்விடக் கொடுமை மொத்தப் படத்தையும் ஒரே சொடுக்கில் தலைகீழாக்குவது. சிவப்பு நீலப்பச்சையாகிவிடும், மஞ்சள் நீலமாகிவிடும். சிவப்பு எச்சரிக்கை குளுகுளுவென்று ஊட்டி மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், யாரும் அதிகம் பேசாதது. மேப்பில் வண்ணம் இல்லாத இடத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு: மழை இல்லை, அல்லது ரேடார் பார்க்கவில்லை. ரேடார் பழுதாகி நிற்கலாம், அந்த இடம் அதன் எல்லைக்கு வெளியே இருக்கலாம். வெள்ளை மேப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆனால் கருப்பில் அது அமைதியான ராத்திரி வானம் மாதிரியே இருக்கிறது, பார்த்தவுடன் நிம்மதி வருகிறது. தகவல் இல்லாத இடத்துக்கு சாம்பல் கோடு போட்டு, "தகவல் இல்லை" என்று எழுதியே காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் வண்ணம் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

குறை மட்டும் சொன்னால் போதுமா, நீ என்ன செய்வாய் என்பீர்கள். செமஸ்டர் லீவில் உட்கார்ந்து ஒரு மழைப் படத்துக்கு நானே வண்ணம் போட்டுப் பார்த்தேன்.

பின்னணி சுத்தக் கருப்பு வேண்டாம், அடர் சாம்பல். நிலம், கடல், மாவட்ட எல்லை மூன்றும் அந்தச் சாம்பலுக்குள்ளேயே லேசான வித்தியாசங்களாக இருக்கட்டும். வண்ணம் என்று ஒன்று தெரிந்தால் அது மழையாக மட்டுமே இருக்க வேண்டும். தூறலுக்கு மங்கலான நீலம், பின்னணியிலிருந்து சற்றே எட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் வெளிச்சமான நீலப்பச்சை, பிறகு வெளிர் பச்சை, மஞ்சள், கடைசியில் ஏறக்குறைய வெண்மையான இளஞ்சிவப்பு. வெளிச்சம் ஒரு படிகூட இறங்கக் கூடாது, மேலே மேலே மட்டும். கேரன் ஷ்லாஸ் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு எனக்குத் தைரியம் கொடுத்தது. பொதுவாக மனிதர்கள் "அடர்த்தி என்றால் அதிகம்" என்று எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் கருப்புப் பின்னணியிலிருந்து வண்ணம் மெல்ல மெல்லத் திரண்டு வருகிற மாதிரி படம் அமைந்தால் அந்தப் பழக்கம் தளர்ந்து, வெளிச்சமானதை அதிகம் என்று எடுத்துக்கொள்ளும் பக்கம் சாய்கிறார்களாம்.

அளவுகோலின் உச்சியில் இடம் விட்டு வைக்கவும் வேண்டும். நம் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. அதற்கு மேல் வகையே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 95 செ.மீ. எங்கள் பக்கத்தில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே வண்ணம் என்றால் அது நியாயமா? அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழை அளவுகோலை மீறிப் போனபோது அவசர அவசரமாக உச்சியில் இன்னும் இரண்டு ஊதாச் சாயல்களைச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2013 ஜனவரியில் 50 டிகிரிக்கு மேல் காட்ட வெப்பநிலைப் படத்தில் புது வண்ணங்கள் சேர்த்தார்கள். கருப்புப் பின்னணியில் இப்படிச் சேர்க்க நினைத்தால், உச்சியை ஏற்கெனவே வெள்ளையில் முடித்துவிட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

வெப்பநிலை வித்தியாசப் படங்கள் தனி ரகம். இயல்பைவிடக் குளிர் நீலம், இயல்பைவிடச் சூடு சிவப்பு, இயல்பு என்றால் வெள்ளை. காகிதத்தில் அழகு. இருட்டில் இதை வைத்தால் ஒன்றுமே நடக்காத ஊர்கள்தான் டியூப்லைட் மாதிரி கண்ணைக் குத்தும். இங்கே நடு இருளாகவும் இரண்டு முனைகள் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த மேட்பிளாட்லிப் 3.10-ல் இதற்கென்றே பெர்லின், மனாகுவா, வனிமோ என்று மூன்று வண்ண வரிசைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள்.

சமஅழுத்தக் கோடு, காற்று அம்பு மாதிரி மெல்லிய கோடுகளுக்குச் சுத்த நீலம் கூடவே கூடாது. கருப்பில் அதன் எண் 2.4 மட்டுமே. போதாததற்கு, நாம் உற்றுப் பார்க்கும்போது பயன்படும் விழித்திரையின் நட்டநடுவில் நீலக் கூம்புகளே கிடையாது. உற்றுப் பார்க்கப் பார்க்கக் கோடு நழுவுகிற மாதிரி இருப்பது இதனால்தான். ஊர்ப் பெயர்களுக்கும் நான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். "திருவள்ளூர்", "திருநெல்வேலி" எல்லாம் மேப்பில் மூன்று ஊர் இடத்தை அடைக்கும். ஆங்கில எழுத்துக்குச் செய்வது போலத் தடிமனாக்கி ஓரத்தில் இருண்ட கோடு கொடுத்தால் ணகரத்தின், றகரத்தின் சுழிகள் அடைபட்டு எல்லாம் ஒரே உருண்டை ஆகிவிடுகின்றன. கடைசியில் எழுத்தை மெலிதாகவே விட்டு, அளவைக் கூட்டி, பாதி ஊர்ப் பெயர்களைத் தூக்கிவிட்டேன். விட்டுப்போன ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம் :)

மாவட்ட எச்சரிக்கைகளின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நான்கையும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவை ஊருக்கே தெரிந்த சொற்கள் ஆகிவிட்டன. "ரெட் அலர்ட்" என்றால் எங்கள் ஆச்சிக்கும் புரியும். ஆனால் அவை மழையின் அளவைச் சொல்பவை அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. அதே மஞ்சளை ரேடாரில் மழை அளவுக்கும் வைத்து, இரண்டையும் ஒரே மேப்பில் போட்டால் யாருக்குத்தான் குழம்பாது? எச்சரிக்கையை நிரப்பாமல் தடித்த எல்லைக்கோடாகப் போடலாம். டார்க் மோடில் சிவப்பைச் சற்று வெளிறிய சிவப்பாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்டத்தின் மேல் "சிவப்பு" என்று எழுத்தில் எழுதலாம். நாலு எழுத்து. அண்ணனுக்குச் சிவப்பு தெரியாதே தவிர, "சிவப்பு" வாசிக்கத் தெரியும்.

பழக்கத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய வானிலைத் துறை புது வலைத்தளம் தொடங்கி ரேடார் வண்ணங்களையும் மாற்றியது. புயல் இருக்கிற வீரியத்துக்குப் படத்தில் தெரியவில்லை என்று மக்கள் கொந்தளித்ததில் சீக்கிரமே பழைய வண்ணங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த மக்கள் சொன்னது தப்பே இல்லை. பத்து இருபது வருஷம் ஒரு வண்ணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் மொழி. "கருப்பா இருந்தா நல்ல மழை" என்று அண்ணன் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். அதனால்தான் பகல் படத்தைத் தொடாதீர்கள், ராத்திரிப் படத்தை மட்டும் யோசித்து மாற்றுங்கள், மாற்றினால் ஓரத்தில் பெரிதாகச் சொல்லிவிட்டு மாற்றுங்கள் என்கிறேன். இரண்டுக்கும் ஒரே வண்ணம் போட முடியாது என்பதை அந்த 21 கணக்கு சொல்லிவிட்டது. அது முடியாது என்று ஒப்புக்கொள்ளக்கூட நேரமில்லாதவர்கள், மேப்பை மட்டுமாவது ராத்திரியிலும் வெள்ளையாகவே விட்டுவிடலாம். கண் கூசும்தான். உப்பு கரைவதற்கு அது எவ்வளவோ தேவலை.

உங்கள் போனில் இருக்கும் ஆப் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி: செட்டிங்ஸில் அணுகல் பகுதியில் போய்த் திரையைக் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். டார்க் மோடில் ரேடார் படத்தைத் திறங்கள். அதிக மழை எது என்று வண்ணம் இல்லாமல் சொல்ல முடிகிறதா? எங்கள் ஹாஸ்டலில் நாலு போனில் பார்த்தோம். ஒன்றில்தான் முடிந்தது.

நான் போட்ட படத்தைப் போன வாரம் அண்ணனுக்கு அனுப்பினேன். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பழைய மே மாத மழை மாதிரியே ஒன்றை வரைந்து, நடுவில் வெளிர் இளஞ்சிவப்பு வைத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது. "நடுவுல நல்லா தெரியுதுல. ஓட்டை இல்ல." எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் அடுத்த வரி: "ஆனா ஏலே, வெள்ளையா குமிஞ்சு கெடக்கத பாத்தா மழை மாதிரி இல்ல, நம்ம அம்பாரம் மாதிரில்லா இருக்கு."

இளஞ்சிவப்பைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.